அடி நிற்காத மூட்டம்

தவசி பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விடுவான். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடிதான். வாய் பாதி திறந்திருக்கும், கண் முழுசாகத் திறந்திருக்கும், கண்ணுக்குள் ஆள் இருக்காது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவான். வந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சை எடுத்துக்கொள்வான்.

அவன் பெண்டாட்டி நாகலெட்சுமி இதை முதலில் பார்த்தது சோற்றுத் தட்டுக்கு முன்னால். "சாயல்குடி போனா சாக்கு ஊசியும்" என்றவன் நின்றான். கையிலிருந்த கவளம் விரல் வழியே நழுவித் தட்டில் விழுந்தது. ஒரு ஈ வந்து அவன் கீழுதட்டில் உட்கார்ந்து, உள்ளே போகலாமா என்று யோசிப்பது போல அங்குமிங்கும் நடந்தது. அவள் கூப்பிட்டுப் பார்த்தாள். தோளைத் தொட்டாள். வெயிலில் விறகு சுமந்து காய்ந்த தோள் அது, தொட்டால் எப்போதும் சுடும். அன்றைக்குச் சில்லென்று இருந்தது.

"சணலும் வாங்கியாரணும்" என்று அவன் முடித்தான். தட்டைப் பார்த்தான். ஈயை விரட்டிவிட்டு மறுபடி கவளம் உருட்டினான்.

"எங்க போனீக?"

"எங்க போனேன்? இங்கனதான உக்காந்து திங்கிறேன். வெயில்ல ஒனக்கு மண்டை காஞ்சுபோச்சு."

அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. பல்லியைக் கண்டு பயந்தால் பல்லியைக் காட்டலாம். இதை எதைக் காட்டி எப்படிச் சொல்ல?

அதன்பிறகு அவள் காது வைக்கத் தொடங்கினாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து கருவேல நிழலில் அவன் மல்லாந்து தூங்கும்போது, பேன் பார்ப்பவள் போல் பக்கத்தில் சாய்ந்து நெஞ்சில் காதை வைப்பாள். ஒரு நேரம் நாய் விரட்டின ஆடு மாதிரி ஓடும். ஒரு நேரம் இரண்டு அடி சேர்ந்து விழும், அப்புறம் ஒன்று தனியாக விழும், அப்புறம் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் அவளும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் யாரோ விறகு வெட்டும் சத்தம் கேட்கும். இலை உதிர்வது கேட்கும். காதுக்கு அடியில் மட்டும் சத்தம் இருக்காது. இனி இல்லை என்று அவள் எழப் போகும்போது ஒரு அடி விழும், கதவைத் தட்டுகிற மாதிரி. இரண்டு சேர்ந்து, ஒன்று தனியாக, பிறகு வெறுமை. அந்த வரிசை அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

அவர்கள் கரிமூட்டம் போடுகிறவர்கள். சாயல்குடிக்கும் மாரியூருக்கும் நடுவில் தண்ணீரை மறந்துபோன கண்மாய்களில் சீமைக்கருவேலம்தான் விளைச்சல். அதை வெட்டித் துண்டு போட்டு, ஆள் உயரத்துக்கு மேலே குவித்து அடுக்கி, தழை மூடி, ஈரமண் பூசி, அடியில் தீ வைப்பார்கள். தீ வெளியே தெரியக் கூடாது. தெரிந்து எரிந்தால் சாம்பல், தெரியாமல் வெந்தால்தான் கரி. நாள்கணக்காக உள்ளுக்குள்ளேயே வேகும். பார்க்கிறவனுக்கு அது வெறும் மண்மேடு, ஓரத்தில் விட்ட துளைகளில் புகை மட்டும் வரும். துளைக்குக் கண் என்று பேர். வேண்டாத இடத்தில் மண் வெடித்துப் புதுக் கண் திறந்தால் காற்று உள்ளே போய் மொத்தமும் எரிந்துவிடும். உடனே ஒருவன் மேலே ஏறி ஈரமண் அப்பி, திமுசுக்கட்டையால் அடித்து இறுக்க வேண்டும்.

ஏறுகிறவன் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். மறுநுனி கீழே நிற்பவர் கையில். புகையில் மேலே இருக்கிறவன் தெரியமாட்டான். வாயைத் துணியால் கட்டியிருப்பதால் அதிகம் பேசவும் மாட்டான். அதனால் காதுதான் காவல். திமுசு அடிக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் ஆள் நன்றாக இருக்கிறான். நின்றால் இழு. சத்தம் கேட்கும்போது மட்டும் இழுக்கவே கூடாது. கட்டையை ஓங்கியவன் நிலை தடுமாறி மண் ஓட்டுக்குள் காலை விட்டால் உள்ளே இருப்பது நெருப்பு. அப்படி முழங்கால் வரைக்கும் வெந்து போனவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டை நம்பித்தான், தவசி இப்படிப் போய்வரத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள், அவர்கள் கூட்டத்துப் பஞ்சம்மாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே அவள் புருசன் கூத்தையா. அடி கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் வெற்றிலை மென்றபடி, மருமகள் சமைத்த மீன்குழம்பைப் பற்றி நாகலெட்சுமியிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். கடல்காற்று திரும்பிப் புகை விலகியபோது, கூத்தையா குப்புறக் கிடந்தான். கை இரண்டும் விரிந்திருந்தன. திமுசுக்கட்டை உருண்டு கீழே, இவர்கள் காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அது எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. கட்டை கீழே கிடக்க, ஆள் அசையாமல் கிடக்க, மேலே அடி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே வெந்த விறகு ஒன்றன்மேல் ஒன்று சரிந்து உட்காருகிற சத்தம் என்று பிறகு ஆண்கள் சொன்னார்கள். அது எல்லா மூட்டத்திலும் கேட்பதுதான். புகை மண்டையில் ஏறி விழுந்துவிட்டான் என்று காரியத்தை முடித்தார்கள். பஞ்சம்மாள் மட்டும் அதற்குப் பிறகு கயிற்றைத் தொடுவதில்லை. மண் குழைப்பாள், சாக்கு தைப்பாள், கயிறு கிடக்கிற பக்கம் திரும்பமாட்டாள்.

தவசி கமுதி பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் முன்னால் விழுந்த பிறகுதான் நாகலெட்சுமியால் அவனை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போக முடிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவில் ருக்ஸானா என்று ஒரு டாக்டர். "எந்த ஊரு" என்று கேட்டு, இவர்கள் சொன்னதும், "நான் தேவிபட்டினம்தான். ஒங்க கரியிலதான் எங்க வீட்டு மீனு வேகும்" என்று சிரித்தார். நெஞ்சில் வயர் ஒட்டி வந்த தாளைப் பார்த்தபிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"வெளிநாடு எங்கயாவது போயிருக்கீங்களா?"

"கலியாணத்துக்கு முந்தி. பராகுவே."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அங்க எதுக்குப் போனீங்க?"

"கரி போடத்தான். தூத்துக்குடி முதலாளி ஒருத்தரு அங்கன காடு பிடிச்சிருந்தாரு. மூட்டம் போடத் தெரிஞ்ச ஆளு வேணும்னு என்னையும் கூத்தையாவையும் கூட்டிட்டுப் போனாரு. ஏரோப்ளேன்ல ஏறி, எறங்கி, ஏறி, போயி எறங்கிப் பாத்தா, நம்ம கருவேல மரம் நமக்கு முந்தி அங்கன நிக்கிது. 'ஏலே, சுத்திச் சுத்தி ஊருக்கே கொண்டாந்து விட்டுட்டானோ'ன்னு கூத்தையா கேட்டான்."

"அந்தச் சாதி மரமே அந்தப் பக்கத்துலருந்து இங்க வந்ததுதான். தங்குனது எங்க?"

"மண்ணு குடிச. சுவரு பூரா வெடிப்பு."

"பூச்சி கடிச்சதா? மூஞ்சியில?"

தவசி சிரிக்க ஆரம்பித்தான். "கடிக்காம? கூத்தையாவுக்கு ஒத்தக் கண்ணு கத்தரிக்கா மாதிரி வீங்கிருச்சு. இந்த மூஞ்சிக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு கேட்டுச் சிரிச்சு வயிறு புண்ணாப்போச்சு. அடுத்த வாரம் எனக்கு." இடது கண்ணிமையை விரலால் தொட்டுக் காட்டினான்.

டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள், வெளிநாட்டில் இதை ஆராய்கிறவர்களுக்கும் கொஞ்சம் அனுப்ப வேண்டும் என்று. மருந்து மாத்திரை கொடுத்து, கூப்பிடும்போது வரச் சொன்னார்கள்.

கூப்பிட்டபோது ஒரு மூட்டம் தீ வைத்து வேகத் தொடங்கியிருந்தது. தவசிதான் தீ வைத்தான். தீ வைத்தவன் பக்கத்தில் இல்லாத மூட்டம் ஒழுங்காக வேகாது, தீ வைத்தவனே கடைசிக் கண்ணையும் மூட வேண்டும் என்பது அவர்கள் கூட்டத்தில் மாறாத வழக்கம். மச்சினன் வீரமணியைக் காவலுக்கு வைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில்தான் பஸ் ஏறினான்.

ருக்ஸானா இருவரையும் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பூச்சியோட கழிவுல ஒரு கிருமி உண்டு. கடிச்ச எடத்தச் சொறியும்போது உள்ள போயிரும். போனா ஆயுசுக்கும் உள்ளயே கெடக்கும், இருக்கறதே தெரியாது. அதப் பிடிக்கிறதுக்கு ஒடம்பு ஒரு எதிர்ப்புப் பொருளச் செய்யும். செஞ்சுக்கிட்டே இருக்கும். அதுல வந்த வெனைதான் இது. நம்ம இதயத் தசையில குமிழ் மாதிரி சிலது இருக்கு. நரம்பு வந்து மெதுவாப் போன்னு ஒண்ண அழுத்தும், வேகமாப் போன்னு இன்னொண்ண அழுத்தும். கிருமியோட மேல்பக்கத்துல ஒரு மூலை அந்தக் குமிழ் மாதிரியே இருக்கு. கிருமியப் பிடிக்கப் போன கைக்கு வித்தியாசம் தெரியல. இதயத்தப் போயிப் பிடிச்சு அழுத்துது."

"யாரு கை?" என்று கேட்டாள் நாகலெட்சுமி.

"கைன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவரு ஒடம்பு செஞ்சதுதான்."

"அப்ப அவுகளேதான் அவுகள நிறுத்துறாகளா?"

 "அவருக்குத் தெரியாம" என்றார் ருக்ஸானா. பிறகு, "இது மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். தசையிலயும் தழும்பு விழுந்திருக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் மேசையிலிருந்த கம்ப்யூட்டரைத் திருப்பினார். வெளிநாட்டிலிருந்து அனுப்பிய படம் என்றார். கண்ணாடிக் குடுவை ஒன்று. மேலிருந்து ஒரு குழாய் இறங்கியது. குழாயின் நுனியில், கோவைப்பழத்தை விடக் கொஞ்சம் பெரிதாக, கருஞ்சிவப்பில் ஒரு தசை தொங்கிக்கொண்டிருந்தது. அது அடித்துக்கொண்டிருந்தது. சுற்றி உடம்பு இல்லை. ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஏதோ அவசர வேலை இருப்பது போல விடாமல் அடித்தது.

"முயலோட இதயம்" என்றார் டாக்டர். "இவரு ரத்தத்துலருந்து கிருமி, மத்தது எல்லாத்தையும் நீக்கிட்டு, அந்த எதிர்ப்புப் பொருள மட்டும் பிரிச்சு வச்சிருக்காங்க. இப்ப அத விடுவாங்க, பாருங்க."

உறை போட்ட கை ஒன்று வந்து குழாயைத் திறந்துவிட்டுப் போனது. முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு அந்தத் தசை யாரோ கூப்பிட்டது போல் தயங்கியது. இரண்டு அடி சேர்ந்து விழுந்தது. ஒன்று தனியாக விழுந்தது. அப்புறம் நின்றது.

நாகலெட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான், தான் பிடித்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அடி மறுபடி எப்போது விழும் என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. அந்த நொடியில் விழுந்தது. இரண்டு சேர்ந்து, ஒன்று தனியாக, வெறுமை.

"இது அவுக நெஞ்சு" என்றாள். "மத்தியானம் காது வச்சா இதுதான் கேக்கும். இதே அடி."

உறை போட்ட கை வேறு குழாயைத் திறந்தது. நல்ல நீர் கழுவிக்கொண்டு போனதும், முயலின் இதயம் ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஓடியது.

"முயலுக்கு ஒடம்பு சரியில்ல போல" என்றான் தவசி. "எனக்கு ஒண்ணும் தெரியலையே டாக்டரம்மா. நின்னா எனக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றார் ருக்ஸானா. "நிக்கிற நேரத்துல தெரிஞ்சுக்க நீங்க இருக்கமாட்டீங்க."

நாகலெட்சுமி இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த முயலு எங்க?"

டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பேஸ்மேக்கர் பற்றிச் சொன்னார். தோளுக்குக் கீழே தோலுக்குள் சின்னப் பெட்டி ஒன்று வைப்பார்கள். "அந்தக் கை அழுத்துறத என்னால நிறுத்த முடியாது. அழுத்திக்கிட்டேதான் இருக்கும். ஆனா அது நிறுத்துற எடத்துல இந்தப் பெட்டி அடிக்கும். இன்னைக்கே சேருங்க."

"மூட்டம் வெந்துக்கிட்டு கெடக்கு. மூடிட்டுத் திங்கக்கெழம வாரேன்."

"அதுவரைக்கும் ஒயரத்துல ஏறாதீங்க. நெருப்புப் பக்கம் போகாதீங்க."

"நெருப்புப் பக்கம் போகாம இருந்தா எங்க வீட்ல ஒல கொதிக்காது."

டாக்டர் நாகலெட்சுமியைப் பார்த்தார். அவள் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலைப் பிடித்தாவது உட்காரவைத்திருக்கலாம். வெந்துகொண்டிருக்கும் மூட்டத்தைப் பாதியில் விடுவது அவளுக்கும் முடியாத காரியமாகப் பட்டது. அந்தப் பழக்கம் அவள் எலும்பிலும் ஊறியிருந்தது. "நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் தவசி ஜன்னலோரம் தூங்கினான். கமுதி தாண்டி, காயப்போட்ட மிளகாயின் நெடி உள்ளே வந்தபோது அவளுக்குக் கூத்தையா நினைவு வந்தது. கத்தரிக்காய் மாதிரி வீங்கின கண். இரண்டு பேரும் ஒரே குடிசையில்தான் படுத்திருக்கிறார்கள்.

மறுநாள் மண் குழைக்கும்போது அவள் பஞ்சம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பூச்சி, கிருமி, கை, குடுவைக்குள் தொங்கிய முயல் நெஞ்சு. பஞ்சம்மாள் மண்ணை மிதித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு அந்த மனுசனுக்குப் பொகை ஏறலங்கிறியா?"

"எனக்கு அப்பிடித்தான் தோணுது மதினி. ஒங்க மேல தப்பில்ல."

"தப்பு இருக்கட்டும். அந்த முயலு நெஞ்சு எப்பிடி அடிச்சுச்சு? அடிச்சுக் காட்டு."

நாகலெட்சுமி பக்கத்திலிருந்த தண்ணீர் டிரம்மில் கைமுட்டியால் தட்டினாள். இரண்டு சேர்ந்து. ஒன்று தனியாக. கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மறுபடி தட்டப்போகும் நேரத்தில் பஞ்சம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மண் அப்பிய விரல் குளிர்ந்திருந்தது.

"போதும். விடு."

"என்ன மதினி?"

"அன்னைக்குக் கேட்டது இதுதான். மூட்டத்து மேல. நான் மீன்கொழம்பு பேசிக்கிட்டு இதத்தான் கேட்டுக்கிட்டு நின்னேன். வெறகு சரியிற சத்தமுன்னாங்க. வெறகுக்கு எப்பிடித் தெரியும் இந்த அடி?"

இரண்டு பேரும் மூட்டத்தைப் பார்த்தார்கள். அது வெயிலில் சும்மா இருந்தது. நான்கு ஓரத்திலும் புகை மெலிதாக, வெள்ளையாக, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

நாகலெட்சுமி அன்றைக்கே மூட்டத்தில் ஏறும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கருவேல முள்ளுக்குள் மறைத்துவைத்தாள். தம்பி வீரமணிக்கு மட்டும் அந்த இடத்தைக் காட்டி, "ஏலே, கண்ணு தொறந்தா நீதான் ஏறணும். ஒங்க மச்சான் காலு மேல பட்டுச்சு, ஒன்னையத்தான் கேப்பேன்" என்றாள்.

"ஏறுறேங்க்கா" என்றான் அவன். கூத்தையா செத்ததிலிருந்து அவன் மூட்டத்தின் மேல் ஏறியதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் கடல்காற்று மாரியூர்ப் பக்கமிருந்து திடீரென்று திரும்பியது. நாகலெட்சுமியும் பஞ்சம்மாளும் கண்மாய்க் குழியில் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்கள். குடத்தோடு கரையேறும்போது புகை நீலமாக, சாய்ந்து அடிப்பது தெரிந்தது. மூட்டத்தின் உச்சியில் புதுக் கண் திறந்திருந்தது. அடி கேட்டது. சீராக, நல்ல தெம்போடு, ஒரே அளவில்.

மூட்டத்தின் அடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீரமணி நின்றான்.

அவள் குடத்தைக் கீழே போட்டாள். "ஏலே, மேல யாரு?"

"நான் ஏறத்தாங்க்கா போனேன். காலு வரமாட்டேங்குது. மச்சான் என்னையத் தள்ளிவிட்டுட்டு டிரம்மப் போட்டு ஏறிட்டாரு. நெருப்பு கொழுந்து விட்டுருச்சு, இன்னங் கொஞ்சம் விட்டா மொத்தமும் போயிருக்கும்."

"என்னங்க, எறங்குங்க" என்று அவள் மேலே பார்த்துக் கத்தினாள்.

அடி நின்றது. புகைக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. வாய்த்துணியை இறக்கியிருக்க வேண்டும், தெளிவாக வந்தது. "முடிஞ்சுபோச்சு லெச்சுமி. கெழக்கு ஓரத்துல வெடிச்சிருக்கு. இன்னும் ஒரு"

அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை.

அவள் வாயைத் திறப்பதற்குள் அடி மறுபடி ஆரம்பித்தது. வீரமணி மூச்சு விட்டான். "அடிக்கிறாருக்கா. பயந்துட்டேன்."

நாகலெட்சுமி கேட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு சேர்ந்து விழுந்தது. ஒன்று தனியாக விழுந்தது. பிறகு எதுவும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது. பஞ்சம்மாள் பக்கத்தில் வந்து நின்றதை அவள் திரும்பிப் பார்க்காமலே உணர்ந்தாள். மறுபடி இரண்டு சேர்ந்து. ஒன்று தனியாக.

"இழு" என்றாள் நாகலெட்சுமி.

"அக்கா, அடிச்சுக்கிட்டு இருக்காரு. இப்ப இழுத்தா உள்ள விழுந்துருவாரு. வெந்து போவாருக்கா."

"அடிக்கிறது அவுக இல்ல. இழு."

"சத்தம் கேக்குதுல்ல ஒனக்கு?"

கேட்டது. அவள் இழுத்து, அவன் மேலே நின்றுகொண்டிருந்தால், அவளே அவனை நெருப்புக்குள் தள்ளியவளாவாள். இழுக்காமல் அவன் கிடந்தால், அவளும் பஞ்சம்மாள் மாதிரி ஆயுசுக்கும் கயிற்றைத் தொடாமல் திரிய வேண்டும். மேலே அந்த அடி எந்தக் கவலையும் இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. வெறுமை வந்தது. அவன் நெஞ்சில் காது வைக்கும்போது பிடிப்பாளே, அந்த மூச்சைப் பிடித்தாள்.

கயிற்றின் மேல் முதலில் விழுந்தது பஞ்சம்மாளின் கை. வீரமணியைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, காலை மண்ணில் ஊன்றி, "பிடிடீ" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.

நிற்கிற ஆள் வந்தால் கயிறு துள்ளும். இது துள்ளவில்லை. ஈர விறகை இழுப்பது போல் கனமாக, சும்மா வந்தது. புகைக்குள்ளிருந்து முதலில் கால் தெரிந்தது. தவசி மண் சரிவில் மல்லாந்து வழுக்கி வந்து அவர்கள் காலடியில் விழுந்தான். முகம் சாம்பல் நிறம். வலது முழங்கையில் தோல் வெந்து உரிந்திருந்தது. கண் இரண்டும் திறந்திருந்தன. கண்ணுக்குள் யாரும் இல்லை.

அவள் நெஞ்சில் குத்தினாள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், வீட்டில் சொல்லாத பேரெல்லாம் சொல்லித் திட்டினாள். வீரமணி கால்மாட்டில் உட்கார்ந்து அழுதான். அவள் மறுபடி ஓங்கிக் குத்தியபோது தவசி வாயைத் திறந்து, உள்ளே போன கரியை இருமித் துப்பினான்.

"கூடை மண்ணு வேணும்" என்றான்.

அவன் ஏறிட்டுப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், தன் இடுப்புக் கயிற்றைப் பார்த்தான். "நான் எப்ப எறங்குனேன்?"

 எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று திரும்பிப் புகை விலகியது. மூட்டத்தின் உச்சியில் திமுசுக்கட்டை சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அடி கேட்டுக்கொண்டிருந்தது.

"வெறகு சரியிற சத்தந்தான்" என்றான் வீரமணி. 

தவசி உட்கார்ந்தான். அதுவரைக்கும் எல்லோரும் சொல்லச் சொல்லச் சிரித்தவன், முதல்முறையாகக் காது கொடுத்தான். வலது கை வெந்திருந்ததால் இடது கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்தான். மேலே இரண்டு அடி சேர்ந்து விழுந்தது. அவன் கை நெஞ்சிலேயே இருந்தது. மேலே ஒன்று தனியாக விழுந்தது. கைக்கு அடியிலும் அதே நேரத்தில் ஒன்று விழுந்தது. மேலே சத்தம் நின்றபோது, அவன் உள்ளங்கையை இன்னும் அழுத்தி வைத்து, தலையைச் சாய்த்து, எதையோ தேடுகிறவன் மாதிரி இருந்தான்.

"லெச்சுமி" என்றான், மிக மெதுவாக. "திங்கக்கெழம வேண்டாம். இப்பவே போயிருவோம்."

கிழக்கு ஓரத்தில் வெடித்த கண்ணில் தீக்கொழுந்து எட்டிப் பார்த்தது. வீரமணி ஒரு கூடை மண்ணைத் தூக்கினான், அப்புறம் கீழே வைத்துவிட்டான். அந்த மூட்டம் மொத்தமும் எரிந்தது. தீ வைத்தவன் மூடாமல் விட்டுப் போன முதல் மூட்டம் அது. கண்மாய்க் கரையில் வண்டிக்காகக் காத்திருக்கும்போது, மேடு உள்வாங்கிச் சரிகிற வரைக்கும் அவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பஞ்சம்மாள் மட்டும் அங்கேயே, கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, அது ஓயும்வரை நின்றாள்.

மதுரையில் பெட்டி வைத்தார்கள். இடது தோளுக்குக் கீழே தோல் தீப்பெட்டி அளவுக்குப் புடைத்திருந்தது. ருக்ஸானா வந்து பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். இனிமேல் மூட்டத்து வேலை வேண்டாம், மாத்திரையை விடக் கூடாது என்றார்.

"அந்தக் கை?" என்று கேட்டாள் நாகலெட்சுமி.

"அது இருக்கும்" என்றார் டாக்டர்.

மத்தியானம். வார்டில் சாப்பாட்டுத் தட்டு எடுத்துப் போன சத்தம் அடங்கியிருந்தது. தவசி மல்லாந்து தூங்கினான். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. நாகலெட்சுமி கட்டிலோரம் சாய்ந்து, தையல் போட்ட இடத்தில் படாமல், பழக்கப்பட்ட இடத்தில் காதை வைத்தாள்.

இரண்டு அடி சேர்ந்து விழுந்தது. ஒன்று தனியாக விழுந்தது. இனி வெறுமை. அவள் மூச்சைப் பிடித்தாள்.

ஒரு அடி விழுந்தது.

அது வேறு அடி. அவளுக்குத் தெரியும். இத்தனை வருசம் கூடப் படுத்தவனின் அடியும் இல்லை, அவனை நிறுத்துகிற அந்தக் கையின் அடியும் இல்லை. புதிதாக வேலைக்கு வந்த ஆள் திமுசைப் பிடித்தது போல், கொஞ்சம் முரட்டுத்தனமாக, அளவு பிசகாமல் விழுந்தது. மறுபடி விழுந்தது. பிறகு பழையது வந்து இடத்தை வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் ஓடியது. நின்றது. மறுபடி புதியவன்.

ஒருவன் நிறுத்துகிறான், ஒருவன் அடிக்கிறான். தவசிக்கு இரண்டு பேரையும் தெரியாது. அவன் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். நாகலெட்சுமி காதை எடுக்கவில்லை.